பெத்தாங் தளத்துக்கு ஓட்டு இல்லை

எட்டு லட்ச ரூபாயை எதற்குச் செலவழிக்கலாம் என்று மாணவிகளிடமே கேட்டு எழுதி அனுப்புங்கள் என்று கல்வித்துறையிலிருந்து கடிதம் வந்தது. முதலியார்பேட்டையில் இருக்கும் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளி அது. ஹோம் ஒர்க் எங்கே என்பதைத் தவிர அந்தப் பிள்ளைகளிடம் அதுவரை யாரும் எதையும் கேட்டதில்லை. கேட்டதுதான் தாமதம், ஆளாளுக்கு ஒன்றைப் பிடித்துக்கொண்டார்கள். ஆறாம் வகுப்பு ஊஞ்சல் கேட்டது. ஏழாம் வகுப்பு நீச்சல் குளம் கேட்டது. பத்தாம் வகுப்புக்கு ஏசி வேண்டுமாம், ஏப்ரல் மாதத்தில் மூளை உருகுகிறதாம். ஒன்பதாம் வகுப்பில் ஒருத்தி, கணக்கு மிஸ்ஸை அந்தக் கோடியில் இருக்கும் மாஹேவுக்கு மாற்ற இந்தப் பணம் போதுமா என்று சீட்டில் எழுதிப் போட்டிருந்தாள். கீழே பெயர் எழுதாத அளவுக்கு அவளுக்கு விவரம் இருந்தது.

பன்னிரண்டாம் வகுப்பு லீடர் அறிவுமதிக்கு ஊஞ்சலும் வேண்டாம், ஏசியும் வேண்டாம். அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். பி.டி. மாஸ்டர் புருஷோத்தமன் எதைக் கேட்கிறாரோ அது கிடைக்கக் கூடாது. அவர் வாய்விட்டுக் கேட்க வேண்டும், எல்லார் முன்னாலும் இல்லை என்று ஆக வேண்டும், அந்த மூஞ்சி தொங்குவதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு அந்தப் பணத்தை வாரிக் கடலில் கொட்டினாலும் அவளுக்குக் கவலையில்லை.

புருஷோத்தமன் கேட்டது பெத்தாங் தளம். பிரெஞ்சுக்காரன் இந்த ஊரில் விட்டுவிட்டுப் போன ஆட்டம் அது. ஒரு சின்ன மரக்குண்டை முன்னால் வீசிவிட்டு, யாருடைய இரும்புக் குண்டு அதன் பக்கத்தில் போய் உட்காருகிறது என்று பார்ப்பார்கள். பதின்மூன்று புள்ளியை முதலில் எடுப்பவருக்கு ஜெயம். பள்ளி மைதானத்தின் மூலையில் கல்லும் முள்ளுமாகக் கிடந்த இடத்தில்தான் பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்தார்கள். அங்கே செம்மண் கொட்டி, பலகை அடித்து, மேலே கூரை போட்டு, விளக்கு வைக்க வேண்டும் என்பது புருஷோத்தமனின் பத்து வருஷக் கனவு. சரியான கனவுதான், யார் இல்லை என்றார்கள்? அந்தப் பள்ளிக்கூடத்திலேயே அந்த ஆட்டத்தின் மேல் அவரைவிடப் பைத்தியமாக இருந்தவள் ஒருத்தி உண்டு என்றால் அது அறிவுமதிதான்.

அப்புறம் என்ன வயிற்றெரிச்சல் என்று கேட்டால், போன வருஷக் கதையைச் சொல்ல வேண்டும்.

போன நவம்பரில் போபாலில் பள்ளிகளுக்கான தேசியப் போட்டி. மூன்று பேர் அணி. அறிவுமதி அப்போது பதினோராம் வகுப்பு. எதிராளியின் குண்டு மரக்குண்டை ஒட்டி உட்கார்ந்துவிட்டால், எட்டு ஒன்பது மீட்டர் தள்ளி நின்று அதை அடித்து விரட்டுவது அவள் வேலை. பத்துக்கு ஏழு அடிப்பாள். தேர்வு ஆட்டத்தில் அவளைத் தொட ஆளில்லை. பட்டியலில் முதல் பெயர் அவளுடையது. அந்தப் போட்டிச் சான்றிதழ் கையில் இருந்தால் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு சீட்டு நிச்சயம். பிசியோதெரபி படிப்பது என்று அவளும் அவள் அப்பாவும் பேசி முடிவே செய்துவிட்டார்கள்.

அப்பா கலியமூர்த்தி மேட்டுப்பாளையத்தில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறார். பாகூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். அந்தக் குடும்பத்தில் செங்கல்பட்டைத் தாண்டி ரயிலில் போனவர் யாருமில்லை. மனுஷன் மூன்று வாரம் ஓவர்டைம் பார்த்து, காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் நீல நிற டிராக் சூட்டும் சக்கரம் வைத்த பெட்டியும் வாங்கி வந்தார். கம்பெனியில் எல்லாருக்கும் லட்டு கொடுத்தார். சூப்பர்வைசருக்கு இரண்டு.

ரயிலுக்கு முந்தின நாள் மத்தியானம் புருஷோத்தமன் அவளை விளையாட்டு அறைக்குக் கூப்பிட்டார். விசிலைக் கையில் சுற்றிக்கொண்டே, எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னார்: "இந்த வாட்டி சூசான் போவட்டும். நீ அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

அடுத்த வருஷம் அவள் பன்னிரண்டாம் வகுப்பு. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதும் பிள்ளையை எந்தப் போட்டிக்கும் அனுப்பக் கூடாது என்பது தலைமை ஆசிரியை செல்வாம்பாள் போட்ட சட்டம். அதை வகுப்பு வகுப்பாகப் போய்ச் சொல்லிக்கொண்டு திரிகிறவரே இந்தப் புருஷோத்தமன்தான். அடுத்த வருஷமாம்!

சூசான் குண்டு போட்டால் அது மரக்குண்டைக் கண்டு வெட்கப்பட்டு விலகிப் போகும். ஆனால் அவள் அப்பா மிஷேல் ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை இந்த ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். பென்ஷன் வாங்கிக்கொண்டு ரெட்டியார்பாளையத்தில் வீடு கட்டி இருக்கிறார். பள்ளிக்கூடத்துக்குப் பிரான்சிலிருந்து நல்ல போட்டிக் குண்டுகள் தருவித்துத் தருகிறேன் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தவர். சூசான் ரயில் ஏறிய மறு வாரம் நான்கு பெட்டிக் குண்டு வந்து இறங்கியது. இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா?

அணி முதல் நாளே தோற்றுத் திரும்பியது. சூசானுக்கு ரயிலிலேயே காய்ச்சல் வந்துவிட்டது, இரண்டு பேரை வைத்து ஆட வேண்டியதாகிவிட்டது என்று காலைப் பிரார்த்தனையில் புருஷோத்தமன் அறிவித்தார். பாவம் என்று எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள்.

அறிவுமதியால் அதைக்கூடப் பொறுத்திருக்க முடியும். பொறுக்க முடியாதது, அவள் பெயரை எடுத்த அன்று சாயங்காலம் அப்பா கேட்டது. டிராக் சூட்டைப் பெட்டிக்குள் திரும்ப மடித்து வைத்துவிட்டு, ரொம்ப நேரம் யோசித்து, தயங்கித் தயங்கி அவர் கேட்டார்: "நீ எதுனா தப்பு பண்ணியாம்மா? சும்மா ஒரு வாத்தியாரு பேர எடுக்க மாட்டாரே."

இல்லைப்பா என்றாள். அவர் தலையாட்டினார். ஆனால் நம்பவில்லை. அவரைப் பொறுத்தவரை வாத்தியார் என்றால் தப்பு செய்யாதவர். அதற்குப் பிறகு செல்போனை அவள் எடுக்கும்போதெல்லாம் அவர் கண் அவள் மேல் வந்து போனது. எங்காவது பத்து நிமிஷம் தாமதமானால் ஏன் என்று கேட்கத் தொடங்கினார். அம்மா அன்னக்கிளி எவ்வளவோ எடுத்துச் சொல்லியும் மனுஷனுக்குச் சந்தேகம் போகவில்லை. அறிவுமதி அன்றைக்கே கறுவிக்கொண்டாள். தன் மேல் தப்பில்லை என்று புருஷோத்தமன் தன் வாயால், நாலு பேர் கேட்கச் சொல்ல வேண்டும். சொல்கிற வரைக்கும் விடப்போவதில்லை.

இந்த எட்டு லட்சக் கடிதம் வந்த வாரத்தில்தான் சூசான் அவளைத் தேடி வந்தாள். இரண்டு பேரும் ஒரே வகுப்பு. எட்டு மாதமாகப் பேச்சு கிடையாது. சைக்கிள் ஸ்டாண்டில் அவளை மறித்துக்கொண்டு, எனக்குக் காய்ச்சலே வரவில்லை என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள்.

நடந்தது இதுதான். பள்ளிக்கூட அலுவலகத்தில் தந்த படிவத்தில் தேசம் என்று ஒரு கட்டம் உண்டு. சூசான் பிறந்தது இங்கே, பேசுவது தமிழ், சாப்பிடுவது கருவாட்டுக் குழம்பு. பாஸ்போர்ட் மட்டும் அப்பாவைக் கொண்டு பிரெஞ்சு. கிளார்க் உள்ளது உள்ளபடி பிரெஞ்சு என்று எழுதிக் கொடுத்துவிட்டார். தெருவுக்கு இரண்டு சொல்தா வீடு இருக்கிற ஊர் இது. அந்தக் கட்டத்தை இங்கே யார் படிக்கிறார்கள்? புருஷோத்தமனும் படிக்கவில்லை. போபாலில் வாசலில் உட்கார்ந்திருந்தவர் படித்தார். வெளிநாட்டுப் பிள்ளை இந்தியப் பள்ளி அணியில் ஆட முடியாது என்று சூசானை அங்கேயே நிறுத்திவிட்டார். திரும்பும் ரயில் வரும் வரை மூன்று நாள் அவள் லாட்ஜ் அறையில் உட்கார்ந்து இந்தி டிவி பார்த்திருக்கிறாள். காய்ச்சல் என்று சொல்லிவிடு என்று சொல்லிக் கொடுத்தவர் புருஷோத்தமன். அப்பாவுக்குத் தெரிந்தால் உடைந்து போய்விடுவார், யாரிடமும் சொல்லாதே என்று சூசான் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். அறிவுமதி சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தாள்.

வாக்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆக, அந்த இடத்தில் யாருமே ஆடவில்லை. அவளும் ஆடவில்லை, சூசானும் ஆடவில்லை. நான்கு பெட்டிக் குண்டுக்காக அந்த மனுஷன் அவள் சீட்டைத் தூக்கிக் குப்பையில் போட்டிருக்கிறார். இரு, உன்னை வைத்துக்கொள்கிறேன் என்று பல்லைக் கடித்தாள்.

பள்ளியில் மொத்தம் பதின்மூன்று வகுப்புப் பிரிவுகள். பதின்மூன்று லீடர்களும் கூடிக் கை தூக்கி முடிவு செய்ய வேண்டும் என்று செல்வாம்பாள் அறிவித்தார். அறிவுமதிக்குப் புருஷோத்தமன் தோற்றால் மட்டும் போதாது. ஒரு கைகூட அவருக்கு எழும்பக் கூடாது. பதின்மூன்றுக்கு சைபர். பெத்தாங் ஆடுகிறவனுக்கு அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது.

ஆனால் ஊஞ்சலுக்கும் ஏசிக்கும் நீச்சல் குளத்துக்கும் ஓட்டுப் பிரிந்தால் பெத்தாங் நடுவில் புகுந்து ஜெயித்துவிடும். எல்லாரும் கை தூக்குகிற ஒன்று வேண்டும். மூன்று நாள் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் புத்தகப் பையை வாசலிலேயே வீசிவிட்டு, செருப்பைக் கூடக் கழற்றாமல் பின்கட்டுக் கழிப்பறைக்கு ஓடினாள். ஆறாம் வகுப்பிலிருந்து தினமும் அப்படித்தான் ஓடுகிறாள். அன்றுதான் உள்ளே உட்கார்ந்திருக்கும்போது சுருக்கென்று பட்டது. தனியாகச் சிரித்தாள்.

நானூற்றுச் சொச்சம் பெண் பிள்ளைகளுக்கு அந்தப் பள்ளியில் ஆறு கழிப்பறை. இரண்டுக்குத்தான் கதவு. அந்த இரண்டில் ஒன்றுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, வெளியே ஒருத்தி பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். தண்ணீர் பத்து மணிக்கே நின்றுவிடும். மாதத்தில் மூன்று நாள் பாதிப் பிள்ளைகள் லீவு. அது ஒரு குறை என்றே யாருக்கும் தோன்றியதில்லை, அறிவுமதிக்கும் தோன்றியதில்லை. பள்ளிக்கூடம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தார்கள். ஊஞ்சல் கேட்டார்களே தவிர ஒரு சீட்டில்கூட யாரும் கழிப்பறை என்று எழுதவில்லை.

மத்தியான இடைவேளைகளில் ஒவ்வொரு லீடராகப் பிடித்தாள். பிரசங்கம் எல்லாம் செய்யவில்லை. அந்தப் பக்கம் அழைத்துக்கொண்டு போய், நீச்சல் குளம் வந்தால் நீச்சல் உடையை எங்கே போய் மாற்றுவாய் என்று கேட்டாள். ஏழாம் வகுப்பு அங்கேயே விழுந்தது. பத்தாம் வகுப்பு லீடர் சுமலதாதான் கடினம். பெத்தாங்கில் இப்போது அவள்தான் நட்சத்திரம், புருஷோத்தமனின் செல்லம். சாருக்கு எதிராகக் கை தூக்க மாட்டேன் என்றாள். அறிவுமதி சூசான் பேச்சை எடுக்கவில்லை. தன் கதையை மட்டும் சொன்னாள். தேர்வில் முதலில் வந்தவள் பெயர் எப்படிப் போயிற்று என்று சொல்லிவிட்டு, உன் பெயரை எடுக்கவும் அவருக்கு ஒரு நாள் வரும் என்றாள். சுமலதா பிடி கொடுக்காமல் வகுப்புக்குப் போனாள்.

கூட்டம் நூலக அறையில் நடந்தது. புருஷோத்தமன் பெரிய வரைபடமே போட்டுக் கொண்டு வந்திருந்தார். செம்மண் எங்கிருந்து வரும், கூரை எவ்வளவு உயரம், இந்தியாவில் எந்த அரசுப் பள்ளியிலும் இல்லாத தளம் என்று அழகாகத்தான் பேசினார். பேசும்போது அவர் கண் மின்னியது. ஒரு நிமிஷம் அறிவுமதிக்கே அந்தச் செம்மண் கண்ணில் தெரிந்தது, காலடியில் அது எப்படி இருக்கும் என்றுகூட நினைத்துவிட்டாள். உடனே தன்னைத்தானே கிள்ளிக்கொண்டாள்.

அவள் முறை வந்ததும் எழுந்து, எல்லா லீடர்களும் அவரவர் தண்ணீர் பாட்டிலை மேஜைமேல் வைக்கும்படி கேட்டாள். மணி மூன்று. நல்ல ஜூலை வெயில். பதின்மூன்று பாட்டில் வரிசையாக நின்றது, பதின்மூன்றும் கழுத்து வரை நிறைந்திருந்தது.

செல்வாம்பாளுக்குப் புரியவில்லை. ஏன் யாரும் குடிக்கவில்லை என்று கேட்டார். ஆறாம் வகுப்பு லீடர், ஒரு சுண்டைக்காய்ப் பெண், மெல்லச் சொன்னாள்: "குடிச்சா போவணுமே மிஸ்."

செல்வாம்பாள் ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கிறவர். அவருடைய கழிப்பறைக்குப் பூட்டு உண்டு, சாவி அவர் கைப்பையில். பாட்டில்களைப் பார்த்தார், கைப்பையைப் பார்த்தார், முகம் சிவந்து போனது. பெத்தாங் தளத்துக்கு யார் யார் என்று கேட்டார். புருஷோத்தமன் சுமலதாவைப் பார்த்தார். அவள் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு மேஜையைப் பார்த்தாள். கழிப்பறைக்கு என்று கேட்டபோது பதின்மூன்று கை எழும்பியது. அறிவுமதி கை தூக்கியபடியே புருஷோத்தமனின் முகத்தை விடாமல் பார்த்தாள். தொங்கியது. நன்றாகத் தொங்கியது. அவளுக்கு வயிறு குளிர்ந்தது.

குளிர்ச்சி அரை மணி நேரம்கூட நிற்கவில்லை. சைபரில் தோற்றவர் ஜெயித்தவருக்கு டீ வாங்கித் தர வேண்டும் என்பது அங்கே பெத்தாங் ஆடுகிறவர்களின் வழக்கம். புருஷோத்தமன் போய்ப் பதின்மூன்று டீயும் சமோசாவும் வாங்கி வந்து, தன் கையாலேயே ஒவ்வொரு லீடருக்கும் கொடுத்தார். சார் மாதிரி யார் வருவார்கள், தோற்றாலும் எவ்வளவு பெருந்தன்மை என்று பிள்ளைகள் உருகிப் போனார்கள். அறிவுமதியின் டீ ஆடை கட்டிக் கிடந்தது. அவள் தொடவில்லை.

அதோடு விட்டாரா? கட்டட வேலையை மேற்பார்வை பார்க்கும் பொறுப்பு புருஷோத்தமன் தலையில் விழுந்தது. விழுந்ததைப் பிடித்துக்கொண்டார். காலை ஏழு மணிக்கே வந்து கொத்தனாரோடு நின்றார். மட்டமான டைல்ஸ் இறக்கிய கான்ட்ராக்டரைத் திட்டித் திருப்பி அனுப்பினார். கதவுக்குப் பின்னால் பை மாட்டக் கொக்கி வைக்கச் சொன்னது அவர். நாப்கின் எரிக்க மெஷின் வாங்கச் சொன்னது அவர். ஐப்பசி மழையில் குடை பிடித்துக்கொண்டு சிமெண்ட் மூட்டைக்குக் காவல் இருந்தார். டிசம்பரில் வேலை முடிவதற்குள் அது பி.டி. சார் கட்டின கழிப்பறை ஆகிவிட்டது. பிரார்த்தனையில் செல்வாம்பாள் அவரைத் தலையில் தூக்கி வைத்துப் பேசினார். பிள்ளைகள் கைதட்டினார்கள். இது எந்த ஊர் நியாயம்? அவர் மூக்கை உடைக்க அவள் கட்ட வைத்த கட்டடம், அவருக்கே மாலையாகப் போய் விழுகிறது.

திறப்பு விழாவுக்கு இரண்டு நாள் முன்பு அவரே அவளிடம் வந்தார். புதுக் கட்டடத்தின் படியில் நின்றுகொண்டு, ரொம்பப் பிரியமாகத்தான் பேசினார்.

"பழச எல்லாம் மறந்துடும்மா. யோசிச்சுப் பாரு. அன்னிக்கி உன்ன போபால் அனுப்பியிருந்தா நீ எனக்குத்தான் கை தூக்கியிருப்ப. இந்தக் கட்டடமே வந்திருக்காது. எல்லாம் ஒரு நல்லதுக்குத்தான்."

பொய்யாக இருந்தால் போய்யா என்று விட்டிருப்பாள். அது உண்மை. போபாலுக்குப் போய் வந்திருந்தால் செம்மண் தளத்துக்குத்தான் முதல் கை அவளுடையது. கழிப்பறை ஞாபகத்துக்கே வந்திருக்காது. அவள் சீட்டைப் பறித்ததையும் சேர்த்து இந்த மனுஷன் தன் புண்ணியக் கணக்கில் எழுதிக்கொள்கிறாரே!

இருந்தாலும் அடக்கிக்கொண்டு ஒன்று கேட்டாள். "விழாவுக்கு எங்கப்பா வர்றாரு சார். அவரு கிட்ட ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க. என் மேல தப்பு இல்லன்னு. அது போதும்."

"அதெல்லாம் இப்ப இன்னாத்துக்கும்மா" என்று சொல்லிவிட்டு, குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்க்க அவர் உள்ளே போய்விட்டார்.

விழாவன்று மைதானத்தில் பந்தல். கல்வித்துறையிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். முதல் வரிசையில் கோட்டும் பதக்கமுமாக மிஷேல், குண்டு வாங்கித் தந்த கொடையாளி என்ற முறையில். கடைசி வரிசையில் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்த கலியமூர்த்தி, கம்பெனிச் சட்டையோடு. புருஷோத்தமனுக்கு அதிகாரி பொன்னாடை போர்த்தினார். கைதட்டல் அடங்கவே நேரம் ஆனது. பிறகு, இந்த எண்ணம் தங்களுக்கு எப்படித் தோன்றியது என்று மாணவிகள் சார்பாக அறிவுமதி சொல்வாள் என்று அறிவித்தார்கள். தமிழாசிரியை சிவசங்கரி எழுதிக் கொடுத்த தாள் அவள் கையில் இருந்தது. தூய்மை, சுகாதாரம், நாளைய பாரதம் என்று ஒன்றரைப் பக்கம்.

அவள் அதை நாலாக மடித்தாள்.

"எப்படித் தோணிச்சுன்னு கேட்டீங்க. நெசத்த சொல்றேன்" என்றாள். பி.டி. சார் பெத்தாங் தளம் கேட்டார், அவர் கேட்டது கிடைக்கக் கூடாது என்றுதான் இதை யோசித்தேன் என்றாள். தேர்வு ஆட்டத்தில் முதலில் வந்தது நான், ரயிலுக்கு முந்தின நாள் என் பெயரை எடுத்துவிட்டு வேறு பெயர் எழுதினார், ஏன் என்று இன்றுவரை சொல்லவில்லை, நான் ஏதோ தப்பு செய்ததாக வீட்டில் நினைக்கிறார்கள் என்றாள். செல்வாம்பாள் மைக் செட்காரனுக்கு ஜாடை காட்டினார். அவன் புரியாத மாதிரி நின்றான்.

அதிகாரி சமாளிக்கப் பார்த்தார். கோபத்திலும் ஒரு நல்ல காரியம் நடந்திருக்கிறது என்று சிரித்துக்கொண்டே கைதட்டினார். கூட்டமும் நிம்மதியாகச் சேர்ந்து தட்டியது. புருஷோத்தமன் பொன்னாடையைச் சரி செய்துகொண்டு மைக்குக்கு வந்தார். சின்னப் பிள்ளை, மனத்தாங்கல் இருக்கத்தான் செய்யும் என்றார். அந்தச் சமயத்தில் சூசான் நல்ல ஃபார்மில் இருந்ததால் அனுப்பினேன், துரதிர்ஷ்டம், அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்துவிட்டது என்றார்.

அறிவுமதி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஒரு வார்த்தை போதும், இந்த ஆளை அங்கேயே சாய்த்துவிடலாம். வாக்குக் கொடுத்திருந்தாள். கீழே முதல் வரிசையில் மிஷேல் உட்கார்ந்திருந்தார். வாயை மூடிக்கொண்டாள்.

பன்னிரண்டாம் வகுப்பு வரிசையில் யாரோ எழுந்தார்கள். சூசான்.

"எனக்குக் காய்ச்சல் வரல சார்" என்றாள். மைக் இல்லாமலே எல்லாருக்கும் கேட்டது. "நான் பிரெஞ்சுப் பொண்ணுன்னு வாசல்லயே நிறுத்திட்டாங்க. ஃபாரத்த நீங்க படிக்கல. காய்ச்சல்னு சொல்லச் சொன்னது நீங்க."

மிஷேல் மெல்லத் திரும்பி மகளைப் பார்த்தார். பிறகு மேடையைப் பார்த்து, பட்டாளத்துக் குரலில், குண்டுக்காகவா என் பிள்ளை பெயரை எழுதினீர்கள் என்று கேட்டார். கேட்டுவிட்டுத் தன் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து, சூசான் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

புருஷோத்தமன் செல்வாம்பாளைப் பார்த்தார். அவர் பார்க்கவில்லை. அதிகாரியைப் பார்த்தார். அவர் சிரிப்பை எப்போதோ நிறுத்தியிருந்தார். மைக்கின் கழுத்தைப் பிடித்துக்கொண்டார்.

"ஆமாங்க. குண்டுக்காகத்தான் மாத்தினேன். அறிவுமதி மேல ஒரு தப்பும் இல்ல. நல்லா ஆடுன பொண்ணு அதான்." நிறுத்தி, அவள் பக்கம் திரும்பினார். "என்ன மன்னிச்சிடும்மா."

ஒரு வருஷமாக அவள் காத்திருந்த சொல். அவளுக்கு அது தேனாகத்தான் இருந்தது. பழி வாங்கினால் மனசு வெறுமையாகிவிடும் என்று புத்தகத்தில் எழுதுகிறார்களே, எழுதினவர்களுக்குச் சரியாக வாங்கத் தெரியவில்லை போலிருக்கிறது. அவள் கடைசி வரிசையைப் பார்த்தாள். கலியமூர்த்தி தலையைக் குனிந்துகொண்டு, இரண்டு கையாலும் முகத்தை மூடியிருந்தார். அவர் தோள் குலுங்கியது.

அதிகாரிக்கு விழாவை முடித்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போக வேண்டும். அவர் மைக்கை அவள் பக்கம் நகர்த்தினார். "அதான் சாரே மன்னிப்புக் கேட்டுட்டாரே. பரவால்லன்னு ஒரு வார்த்த சொல்லிடும்மா."

மொத்தக் கூட்டமும் அவள் வாயைப் பார்த்தது. எல்லாரும் அந்த ஒரு வார்த்தைக்குத் தயாராக, தட்டுவதற்குக் கையைத் தூக்கி வைத்திருந்தார்கள். புருஷோத்தமன் கண் கலங்கி, லேசாகச் சிரிக்கக்கூட ஆரம்பித்திருந்தார்.

"சொல்ல மாட்டேன் சார்" என்றாள் அறிவுமதி. "சொல்லிட்டா எல்லாரும் கை தட்டிட்டு வீட்டுக்குப் போயிடுவீங்க. என் சீட்டு போனது போனதுதான். ஒரு வருசமா எங்கப்பா என்ன சந்தேகமா பாத்ததும் பாத்ததுதான். அது பரவால்லன்னு நான் எப்படிச் சொல்றது?"

மடித்த தாளை மேஜைமேல் வைத்துவிட்டு அவள் மேடையிலிருந்து இறங்கினாள். பிள்ளைகள் ஒதுங்கி வழி விட்டார்கள். கடைசி வரிசையில் அப்பாவின் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். மேடையில் புருஷோத்தமன் பொன்னாடையோடு நின்றுகொண்டே இருந்தார். உட்காருங்கள் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.